25,000 ரூபாய்க்குள் ஹால் டிவிக்கு ஒரு கம்ப்யூட்டர்: இந்தக் கொட்டேஷன் சரியா?

ஈரோட்டான்
வணக்கம்ங்க. வீட்டு ஹாலில் 55 இன்ச் 4கே டிவி, அதோடு ஏஆர்சி (டிவி சத்தத்தை எச்டிஎம்ஐ வயரிலேயே வெளியே அனுப்பும் வசதி) வழியாக ஒரு சவுண்ட்பார். டிவிக்குள் இருக்கும் பிளேயரை நம்பி ஹார்டு டிஸ்க்கைச் செருகினால் பாதி ஃபைலைத் திறக்கவே மாட்டேன் என்கிறது. மீதியில் படம் ஓடுது, சத்தம் வரமாட்டேங்குது. அதனால டிவிக்குப் பக்கத்திலேயே ஒரு கம்ப்யூட்டர் வைத்துவிடலாம் என்று முடிவு.

ஓட்ட வேண்டியவை: நான் காசு கொடுத்து வாங்கிய டிவிடி, ப்ளூரே தட்டுகளின் காப்பி, செல்போனில் எடுத்த 4கே வீடியோக்கள், வீட்டுக் கல்யாண வீடியோக்கள் (டிவிடியும் இருக்கு, பழைய விசிடியும் இருக்கு), கொஞ்சம் யூடியூப். எல்லாம் ஒரு 4 டிபி டிஸ்க்கில். கேம் ஆட ஆள் இல்லை. பட்ஜெட் 25,000, ஆயிரம் ரெண்டாயிரம் முன்னே பின்னே போகலாம்.

இங்கே ஒரு கடையில் எழுதிக் கொடுத்தது: ஐ3 10100எஃப், எச்510 போர்டு, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, ஜிடி 730 4 ஜிபி கார்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), கேபினட். "4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு சார், 4கே கண்ணை மூடிக்கிட்டு ஓடும்" என்கிறார். வாங்கலாமுங்களா?

ரிச்சித்தெருவாசி
கண்ணை மூடிக்கொண்டால்தான் ஓடும்.

ஜிடி 730 வந்தது 2014-ல். அதில் இருக்கும் வீடியோ பகுதிக்கு எச்.264 என்ற பழைய வீடியோ சுருக்க முறை வரைதான் தெரியும். உங்கள் செல்போன் எடுக்கும் எச்இவிசி (அதற்கு அடுத்த முறை, எச்.265) ஃபைலை அது தொடவே தொடாது, வேலை முழுக்க பிராசஸர் தலையில் விழும். எச்டிஎம்ஐ 1.4 வேறு, அதாவது 4கே-யில் நொடிக்கு 30 ஃபிரேம்தான் வெளியே போகும். 4 ஜிபி என்பது கார்டில் இருக்கும் மெமரி. வீடியோ ஓடுவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

முக்கியமான விஷயம் அந்த 'எஃப்'. 10100எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் வெட்டப்பட்ட சிப். கார்டு இல்லாமல் திரையில் ஒன்றுமே வராது, அதனால்தான் உங்கள் தலையில் 730-ஐக் கட்டுகிறார்கள். எஃப் இல்லாத சாதா 10100-இல் இருக்கும் யுஎச்டி 630, 10 பிட் எச்இவிசியையும் (ஒரு நிறத்துக்கு 8-க்குப் பதில் 10 பிட்) யூடியூபின் விபி9 வகையையும் சும்மா ஊதித் தள்ளும். கார்டு இல்லாமல் நல்லா ஓடக்கூடிய சிப்பை விட்டுவிட்டு, காசு கொடுத்துக் கார்டு போட்டு மோசமாக்குவது இது.

ஈரோட்டான்
அப்போ எஃப் இல்லாத 10100 போட்டு, கார்டை எடுத்துவிட்டால் போதுமா? கடைக்காரரிடம் அதையே கேட்டுப் பார்க்கட்டுமா?

ரிச்சித்தெருவாசி
அதிலும் ஒரு முடிச்சு இருக்கு. எச்510 போர்டில் 10-ஆம் தலைமுறை சிப் போட்டால் பெரும்பாலும் எச்டிஎம்ஐ 1.4 அளவுக்குத்தான் வேலை செய்யும். அதே போர்டில் 11-ஆம் தலைமுறை சிப் போட்டால் 2.0 கிடைக்கும். போர்டின் ஸ்பெக் பக்கத்தில் எச்டிஎம்ஐ வரிக்குக் கீழே பொடி எழுத்தில் போட்டிருப்பான், அட்டைப்பெட்டியில் இருக்காது. டிஸ்ப்ளேபோர்ட் இருக்கும் போர்டாக எடுத்தால் தப்பிக்கலாம்.

ஆல்ட்டேப்
ப்ரோ, 2026-ல யாராவது 10-ஆம் ஜெனரேஷன் வாங்குவாங்களா? ரைசன் 5600ஜி + ஏ520 போர்டு போடுங்க. 6 கோர், 12 த்ரெட். எச்டிஎம்ஐல 4கே 60 வரும். நாளைக்கே கேம் ஆடணும்னா ஒரு கார்டு செருகிக்கலாம். டிவி மட்டும்தானேன்னு சின்னதா வாங்கிட்டு அப்புறம் வருத்தப்படாதீங்க.

திரைச்சீலை
தம்பி, அவர்தான் கேம் ஆட ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறாரே. 5600ஜி நல்ல சிப், மறுக்கவில்லை. படம் பார்க்க மட்டும் என்றால் அந்த 6 கோரில் 5 தூங்கும்.

கோர் எண்ணிக்கையை விட்டுவிட்டு, சிப்புக்குள் இருக்கும் வீடியோ டிகோடர் எந்த வகையைப் படிக்கும் என்று பாருங்கள். ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டருக்கு அதுதான் உயிர்நாடி. இன்டெலில் 6-ஆம் தலைமுறை (2015) எச்இவிசி 8 பிட்டை முழுதாகப் படிக்கும், 10 பிட்டில் திணறும். எச்டிஆர் படங்கள் (வெளிச்சமும் நிறமும் கூடுதலாகத் தெரியும் வகை) பொதுவாக 10 பிட் என்பதால் 6-ஆம் தலைமுறை வேண்டாம். 7-ஆம் தலைமுறையில் 10 பிட்டும் விபி9-ம் முழுதாக வந்துவிட்டது. அங்கிருந்து 10 வரை கிட்டத்தட்ட ஒரே சரக்குதான், பெயர்தான் மாறிக்கொண்டே வந்தது. விபி9-ஐவிடப் புதிய ஏவி1 வேண்டுமென்றால் 11-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிறகு.

ஏஎம்டியில் 3200ஜி, 5600ஜி இரண்டுமே எச்இவிசி, விபி9 ஓட்டும். ஏவி1 கிடையாது. இந்த ஜி வரிசையில் 8500ஜி, 8600ஜி வந்தபிறகுதான் ஏவி1. ஆக ஆல்ட்டேப் சொல்லும் 6 கோர் சிப் இந்த ஒரு விஷயத்தில் ஐந்தாறு வருடப் பழைய ஆபீஸ் பெட்டிக்குச் சமம்தான்.

ஏவி1 இல்லையென்றால் குடி முழுகிப் போகுமா? இப்போதைக்கு இல்லை. யூடியூபில் 4கே வீடியோவுக்கு விபி9-ம் கிடைக்கிறது. தட்டுகளில் ஏவி1 கிடையாது. இருந்தால் நல்லது, அவ்வளவுதான்.

மாம்பழநகர்
சேலத்திலிருந்து. எங்கள் வீட்டில் ஓடுவது இன்டெல் என்100 போட்ட மினி பிசி. கை அகலப் பெட்டி, டிவிக்குப் பின்னால் ஒட்டிவிட்டேன். 6 வாட் சிப், 4 கோர், எச்இவிசி 10 பிட், விபி9, ஏவி1 மூன்றும் ஹார்டுவேரிலேயே. 16 ஜிபி ரேம், 512 எஸ்எஸ்டியோடு உங்கள் பட்ஜெட்டுக்குள் முடிந்து மிச்சமும் இருக்கும். ரேம் எவ்வளவு போட்டு வருகிறது என்பதை மட்டும் கேட்டு வாங்குங்கள். 2025 கடைசியில் ரேம் விலை ஏற ஆரம்பித்ததிலிருந்து 8 ஜிபியைப் போட்டு பழைய விலைக்கே விற்கும் ஆட்கள் வந்துவிட்டார்கள். சொந்த ஃபைலை ஓட்டும் இலவச பிளேயரான கோடிக்கும் (Kodi) கல்யாண வீடியோவுக்கும் 8 போதும், ஆனால் 16-க்கான காசைக் கொடுத்து 8 வாங்கக்கூடாது இல்லையா.

ஆல்ட்டேப்
என்100 எல்லாம் டாய் பிசி. குரோம்ல பத்து டேப் திறந்தா முக்கும்.

மாம்பழநகர்
சோபாவில் உட்கார்ந்து பத்து டேப் யார் திறக்கப் போகிறார்கள்?

நல்லூர்வீதி
யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். நான் பாவிக்கிறது ராஸ்பெர்ரி பை 4 எண்ட குட்டிக் கம்ப்யூட்டர், அதில லிப்ரெலெக் (கோடியை மட்டும் ஓட்டுற லினக்ஸ்). 4கே எச்இவிசி வடிவா ஓடும், எச்டிஆரும் வரும். டிவி ரிமோட்டாலயே எல்லாத்தையும் இயக்கலாம், ஏனெண்டால் பையில சிஇசி (டிவி ரிமோட் கட்டளையை எச்டிஎம்ஐ வயரால அனுப்புற வசதி) நேரடியா வேலை செய்யும், கம்ப்யூட்டர்களில பெரும்பாலும் அது இல்லை. அம்மாவுக்குப் புதுசா ஒண்டும் சொல்லிக்குடுக்கத் தேவைப்படேல்லை. கரண்ட் போய் வந்தாலும் தானாவே எழும்பிடும்.

பை 5 வாங்குறதெண்டால் ஒண்டைக் கவனியுங்கோ: அதில எச்.264-க்கான ஹார்டுவேர் டிகோடரை எடுத்திட்டினம். பிராசஸர் வேகம் எண்டபடியால் 1080பி பிரச்சினை இல்லாமல் ஓடும். விபி9, ஏவி1 ரெண்டுக்கும் ஹார்டுவேர் உதவி எந்தப் பையிலயும் இல்லை, அதனால யூடியூபில 4கே எதிர்பாக்காதேங்கோ.

ஈரோட்டான்
பை யோசனை பிடிச்சிருக்குங்க, அந்த ரிமோட் விஷயத்துக்காகவே. அப்பாதான் அதிகம் பார்க்கப் போறவர். மவுஸ், கீபோர்டு என்றால் தொடமாட்டார். ஆனால் யூடியூபில் ஊர்க்கோயில் திருவிழா நேரலை, பழைய பாட்டு எல்லாம் பார்ப்பார். ஓடிடியும் இதிலேயே வந்துவிட்டால் டிவிக்குள் இருக்கும் ஆப்களைத் தொடவே வேண்டாம்.

திரைச்சீலை
ஓடிடியை இதில் கொண்டுவர வேண்டாம். பணம் கட்டும் ஓடிடிகள் படத்தைப் பூட்டுப் போட்டுத்தான் அனுப்புகின்றன. அந்தப் பூட்டு டிவியிலும் டிவியில் செருகும் ஓடிடி ஸ்டிக்கிலும் ஹார்டுவேரில் இருக்கிறது, அதனால் 4கே, எச்டிஆர் எல்லாம் தருகிறார்கள். கம்ப்யூட்டர் பிரவுசரை அவர்கள் நம்புவதில்லை. நெட்ஃபிளிக்ஸ் 4கே-யில் வேண்டுமென்றால் விண்டோஸில் எட்ஜ் பிரவுசர், எச்இவிசி எக்ஸ்டென்ஷன், எச்டிசிபி 2.2 (எச்டிஎம்ஐ வயரில் காப்பி எடுப்பதைத் தடுக்கும் பூட்டு) உள்ள டிவி எல்லாம் சேர்ந்து அமைய வேண்டும். குரோமில் 4கே கிடையாது. லினக்ஸ் என்றால் எந்தப் பிரவுசரிலும் கிடையாது. மாதம் 4கே-க்குக் காசு கட்டிவிட்டு 1080பி-யோ அதற்கும் கீழேயோ பார்ப்பானேன்?

உங்கள் டிவியிலேயே ஓடிடி ஆப் ஒழுங்காக ஓடுகிறதா? அப்படியென்றால் அது அங்கேயே இருக்கட்டும். யூடியூபும் அங்கேயே. டிவி மெதுவாக இருந்தால் ஒரு ஸ்டிக் வாங்கிச் செருகுங்கள். கம்ப்யூட்டர், உங்கள் கையில் ஃபைலாக இருப்பதற்கு மட்டும். இப்படிப் பிரித்துவிட்டால் உங்கள் தேவை பாதியாகச் சுருங்கும். விண்டோஸ் வேண்டாம், ஏவி1 வேண்டாம், ரேம் 4 ஜிபி இருந்தாலே போதும்.

இத்தனை வருடமாக ஹோம் தியேட்டர் பிசி கேட்டு வருகிற எல்லோரும் ஒரே பெட்டியில் சகலமும் வேண்டும் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். விண்டோஸ் மீடியா சென்டர் இருந்த காலத்தில் அந்த ஆசைக்கு அர்த்தம் இருந்தது. விண்டோஸ் 10-ஓடு மைக்ரோசாஃப்டே அதைத் தூக்கிவிட்டது. முதல் எக்ஸ்பாக்ஸில் பிறந்து எக்ஸ்பிஎம்சி என்று சுற்றிக்கொண்டிருந்தது மட்டும் 2014-ல் கோடி என்று பெயர் மாறி இன்னும் உயிரோடு இருக்கிறது. காரணம், அது சொந்த ஃபைலை ஓட்டுவதை மட்டும் ஒழுங்காகச் செய்கிறது.

ரிச்சித்தெருவாசி
திரைச்சீலை சொல்வதை ஏற்றுக்கொண்டால் இன்னும் மலிவான வழி இருக்கு. கம்பெனிகள் கழித்துவிட்ட குட்டி ஆபீஸ் பெட்டிகள். லெனோவோ திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் மினி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது, விண்டோஸ் 11-க்கு இன்டெல் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி. அதனால் 7-ஆம் தலைமுறைப் பெட்டிகளை ஆபீஸ்கள் மொத்தமாக வெளியே தள்ளுகின்றன. லிப்ரெலெக் போடப் போகிறவருக்கு விண்டோஸ் 11 ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன? 10 பிட் எச்இவிசி அதே 7-லேயே இருக்கு. ரேமும் எஸ்எஸ்டியும் உள்ளேயே வருவதால் ரேம் விலையைப் பற்றிக் கவலையும் இல்லை.

ஐ5 7500டி, 8500டி மாதிரி கடைசியில் 'டி' போட்டதைத் தேடுங்கள். 35 வாட், சூடு குறைவு, ஃபேன் கத்தாது.

மாம்பழநகர்
நல்ல யோசனைதான், ஆனால் பின்பக்கத் துளைகளைப் பார்த்து வாங்கணும். அந்தப் பெட்டிகளில் எச்டிஎம்ஐ இருந்தால் அது பெரும்பாலும் 1.4 ஆகத்தான் இருக்கும், 4கே 30. 4கே 60 டிஸ்ப்ளேபோர்ட் வழியாகத்தான். டிவியில் டிஸ்ப்ளேபோர்ட் கிடையாது. ஆகவே டிஸ்ப்ளேபோர்ட்டை எச்டிஎம்ஐ 2.0 ஆக்கும் 'ஆக்டிவ்' அடாப்டர் வேண்டும். கடையில் இருநூறு ரூபாய்க்குத் தருவது பாஸிவ், அதில் 30-தான். ஆக்டிவுக்கு ஆயிரத்துக்கு மேல் ஒதுக்குங்கள். அதிலும் எச்டிஆர் எல்லா அடாப்டரிலும் வருவதில்லை, ரிட்டர்ன் எடுத்துக்கொள்ளும் இடத்தில் வாங்குங்கள்.

என்100-இல் இந்தத் தலைவலி குறைவு. அதில் எச்டிஎம்ஐ பொதுவாக 2.0.

திரைச்சீலை
60 ஃபிரேம் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள். சினிமா 24 ஃபிரேம். அதை 30-இல் அனுப்பினாலும் 60-இல் அனுப்பினாலும் கணக்கு இடிக்கும். 60-இல் 24-ஐ நிரப்ப ஒரு ஃபிரேமை இரண்டு முறையும் அடுத்ததை மூன்று முறையும் காட்ட வேண்டியிருக்கிறது. கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சியில் படம் வெட்டி வெட்டி இழுக்குமே, அது இதனால்தான். பிராசஸர் பத்தவில்லை என்று நினைத்துப் பெரிய சிப் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கோடியில் பிளேயர் அமைப்புகளில் டிஸ்ப்ளே ரெஃப்ரெஷ் ரேட்டைப் படத்துக்கேற்ப மாற்று என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் படம் தொடங்கும்போது திரை ஒரு விநாடி கறுத்து, டிவியே 24-க்கு மாறிக்கொள்ளும். முதல் தடவை அப்பா பயப்படுவார், சொல்லிவையுங்கள்.

கல்யாண டிவிடிக்கு வேறு கணக்கு. நம் ஊர் ஸ்டூடியோக்கள் போட்டுக் கொடுத்த டிவிடி பெரும்பாலும் பால் முறை: 576 வரி, நொடிக்கு 25 ஃபிரேம், ஒவ்வொரு ஃபிரேமும் ஒற்றை வரி இரட்டை வரி என்று இரண்டு பாதி. அந்தப் பாதிகளைப் பிரிக்காமல் காட்டினால் நாதஸ்வரக்காரர் விரல், அட்சதை தூவும் கை என்று அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு விழும். டிஇன்டர்லேஸை ஆன் செய்து, டிவியை 50 ஹெர்ட்ஸுக்குப் போகவிடுங்கள். ஒவ்வொரு பாதியும் தனி ஃபிரேமாகி நொடிக்கு 50 கிடைக்கும். அன்றைக்குக் கேமராக்காரர் எடுத்தபோது இருந்த அதே ஓட்டம் வரும். யூடியூபில் ஏற்றியவர்கள் பலர் இந்தப் பாதிகளை ஒன்றாக அரைத்து நிரந்தரமாகக் கெடுத்துவிட்டார்கள், அதனால் டிவிடியிலிருந்து எடுக்கும்போது எதையும் கன்வர்ட் செய்யாமல் அப்படியே காப்பி எடுங்கள். 4.7 ஜிபி இன்றைக்கு ஒரு இடமா?

டிவியில் இரண்டு அமைப்புகளையும் பார்த்துவிடுங்கள். கம்ப்யூட்டர் செருகிய எச்டிஎம்ஐ துளைக்கு மட்டும் எச்டிஎம்ஐ சிக்னல் 'என்ஹான்ஸ்டு' அல்லது அதுபோல ஒரு பெயரில் இருப்பதை ஆன் செய்யாவிட்டால் 4கே 60-ம் 10 பிட்டும் வராது. படத்தின் ஓரம் வெட்டுப்பட்டால் திரை அளவை 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஃபுல்' ஆக்குங்கள்.

ஒலிப்பெட்டி
படத்தையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அவர் முதல் பதிவிலேயே "படம் ஓடுது, சத்தம் வரமாட்டேங்குது" என்று எழுதியிருக்கிறார். எனக்கு அதுதான் கண்ணில் பட்டது. ஒலி டிடிஎஸ் (டால்பி போல இன்னொரு சரவுண்ட் ஒலி முறை) ஆக இருக்கும் ஃபைல்கள் என்று நினைக்கிறேன். சாம்சங் 2018 மாடல்களிலிருந்து டிடிஎஸ்ஸை விட்டுவிட்டது, எல்ஜியும் 2020-இல் விட்டது. அப்படிப்பட்ட டிவி டிடிஎஸ்ஸைப் புரிந்துகொள்ளாது, ஏஆர்சி வழியாகச் சவுண்ட்பாருக்கும் தள்ளாது.

இங்கே இன்னொரு வரம்பும் உண்டு. ஏஆர்சி டால்பி டிஜிட்டல் 5.1-ஐயும், டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸையும் தூக்கிக்கொண்டு போகும். ப்ளூரேயில் இருக்கும் ட்ரூஎச்டி, டிடிஎஸ் எச்டி மாஸ்டர் ஆடியோ எல்லாம் அதற்குப் பெரிய சுமை, அதன் அடுத்த பதிப்பான இஏஆர்சி வேண்டும். உங்கள் டிவியில் அந்தத் துளைக்குப் பக்கத்தில் 'இ' எழுத்து சேர்ந்து அச்சடித்திருக்கிறதா பாருங்கள்.

ஏஆர்சிதான் என்றால் கோடியில் ஒரு வழி உண்டு. ஆடியோ அமைப்பில் சேனல் எண்ணிக்கையை 2.0 என்று வையுங்கள், பாஸ்த்ரூவை (ஒலியைப் பிரிக்காமல் அப்படியே சவுண்ட்பாருக்கு அனுப்புவது) ஆன் செய்யுங்கள், டால்பி டிஜிட்டலை அனுமதியுங்கள். அப்போதுதான் 'டால்பி டிஜிட்டல் ஏசி3 டிரான்ஸ்கோடிங்' என்ற வரி தலைகாட்டும். அதைப் போட்டுவிட்டால் டிடிஎஸ் என்ன, ட்ரூஎச்டி என்ன, எல்லாவற்றையும் கோடியே டால்பி 5.1 ஆக மாற்றி அனுப்பிவிடும். 5.1 சிஸ்டத்துக்கு 2.0 என்று வைக்கச் சொல்கிறானே என்று பலர் அதை மாற்றிவிட்டு, அந்த வரியைக் காணோம் என்று தேடுவார்கள்.

சவுண்ட்பார் வெறும் இரண்டு ஸ்பீக்கர் வகை என்றால் இதெல்லாம் வேண்டாம், ஸ்டீரியோவாக இறக்கிவிட்டு, படம் ஓடும்போது வரும் ஆடியோ மெனுவில் சென்டர் சேனலை உயர்த்துங்கள். வசனம் மெல்லக் கேட்டு, சண்டை வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வரும் தொல்லை குறையும்.

ஈரோட்டான்
டிவிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன், வெறும் ஏஆர்சிதானுங்க. சவுண்ட்பார் 5.1, பின்னால் வைக்கும் இரண்டு ஸ்பீக்கரோடு வந்தது. அப்போ டிரான்ஸ்கோடிங் வழிதான். ரொம்ப நன்றி.

ஆல்ட்டேப்
சரி, கேம் வேண்டாம்னு ஒத்துக்கறேன். ஆனா என்100 கரண்ட் மிச்சம்னு எல்லாரும் சொல்றதும் கொஞ்சம் ஓவர். கணக்கு போடுவோம். பெரிய கேபினட் பிசி சும்மா இருக்கும்போது 30 வாட்னு வெச்சுக்குவோம், மினி 8 வாட். நாள் பூரா ஆன்லயே விட்டா ரெண்டு மாச பில்லுல 43 யூனிட்டுக்கு 11 அரை. தினம் நாலு மணி நேரம் மட்டும்னா 7 யூனிட்டுக்கு 2. இதுக்காக யாரும் பெட்டியை மாத்த வேண்டாம்.

மாம்பழநகர்
கணக்கு சரி. ஆனால் தமிழ்நாட்டில் இலவச யூனிட்டுக்கும் அடுத்த படிக்கும் நடுவில் ஊசலாடும் வீடுகளில் 30 யூனிட் வித்தியாசம் படியைத் தாண்ட வைக்கும். எனக்கு மினி பிடித்ததற்குக் காரணம் கரண்ட் இல்லை, சத்தம். இரவில் மெல்லிய வசனம் வரும்போது 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபேன் பக்கத்தில் உறுமினால் படம் பார்த்த மாதிரியா இருக்கும்?

ஈரோட்டான்
மனசு பழைய குட்டிப் பெட்டி பக்கம் சாயுது. ஐ5 8500டி, 8 ஜிபி, 256 எஸ்எஸ்டி போட்ட டைனி ஒன்று என்100 விலைக்கும் கொஞ்சம் கம்மியாக வருது. மச்சான் ஒருத்தன் "எதுக்கு இவ்வளவு, 3,000 ரூபாய்க்கு ஆண்ட்ராய்டு பாக்ஸ் வாங்கு, 8கே போட்டிருக்கான்" என்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்லட்டும்?

ரிச்சித்தெருவாசி
பெயர் தெரியாத பாக்ஸை வீட்டு வைஃபையில் சேர்க்காதீர்கள் என்று சொல்லுங்கள். பேட்பாக்ஸ் 2.0 என்ற மால்வேர் கூட்டத்தைப் பற்றி 2025 ஜூனில் அமெரிக்க எஃப்பிஐ பொதுஎச்சரிக்கையே விட்டது. இந்த மாதிரி மலிவு பாக்ஸ்களில் கடைக்கு வருமுன்பே மால்வேர் ஏறியிருக்கும், உங்கள் இணைப்பைத் திருட்டு வேலைக்கு வாடகைக்கு விடுவார்கள். ஸ்டிக் வாங்குவதென்றால் பெயர் உள்ள கம்பெனி ஸ்டிக்.

பழைய பெட்டி வாங்கப் போகும்போது ஒரு பென்டிரைவில் உங்கள் செல்போனில் எடுத்த 4கே 60 எச்இவிசி வீடியோ ஒன்றைக் கொண்டுபோங்கள், விஎல்சி போர்ட்டபிளும் சேர்த்து. கடையிலேயே ஓட்டி, டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைத் திறந்தால் 'வீடியோ டிகோட்' என்று ஒரு வரைபடம் இருக்கும். அது ஏறி, சிபியு இருபது சதவீதத்துக்குக் கீழே கிடந்தால் சரி. சிபியு எகிறினால் டிரைவர் இல்லை, அல்லது சிப் அவர் சொன்ன சிப் இல்லை.

பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறுமுன் வரும் அடிப்படை அமைப்புத் திரை) போய்ப் பாருங்கள். பழைய கம்பெனி போட்ட பாஸ்வேர்டு இருந்தால் அங்கேயே எடுக்கச் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்தபின் நடக்காது. கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும் அமைப்பையும் அப்போதே போட்டுவிடலாம். அடாப்டர் ஒரிஜினலா என்று கேளுங்கள். டெல் பெட்டிகள் தன் அடாப்டரை அடையாளம் காணாவிட்டால் சிப்பின் வேகத்தை அமுக்கிவிடும், படம் திக்கும், காரணம் புரியாமல் மண்டை காயும்.

நல்லூர்வீதி
ரிமோட்டுக்கு என்ன செய்யப் போறியள் அண்ணை? டைனியில சிஇசி இல்லை. ஃபிளர்க் எண்டு ஒரு சின்ன யுஎஸ்பி ரிசீவர் இருக்கு. டிவி ரிமோட்டில நீங்கள் பாவிக்காத பட்டன்களை அதுக்குப் பழக்கி விட்டால் ஒரே ரிமோட்டோட முடிஞ்சுது. அது விலை கூட எண்டால் யுஎஸ்பி டாங்கிளோட வாற ஏர் மவுஸ் வாங்குங்கோ. அம்புக்குறி, ஓகே, பேக், சத்தம் மட்டும் இருக்கிறதாப் பாத்து எடுங்கோ. கீபோர்டு ஒட்டினது அப்பாவுக்குக் குழப்பம்.

ஈரோட்டான்
ஏர் மவுஸ்தான் எடுக்கப் போறேன். பெட்டி, ஆக்டிவ் அடாப்டர், ரிமோட், ஒரு 600 விஏ யுபிஎஸ், எல்லாம் சேர்த்தும் 25-ஐத் தொடலை. மீதியில் இரண்டாவது 4 டிபி டிஸ்க் ஒன்று காப்பிக்கு வாங்கலாம்னு இருக்கேன். பத்தலைன்னா கையை விட்டுப் போட்டுக்குவேன்.

கடைசியா ரெண்டு சந்தேகம். விசிடியைத் திறந்தால் எம்பெகேவி (MPEGAV) ஃபோல்டரில் டாட் (.DAT) ஃபைல் இருக்கு, அதை அப்படியே போட்டால் கோடி ஓட்டுமா? அப்புறம் தமிழ் சப்டைட்டில் சிலதில் கேள்விக்குறியா வருது.

திரைச்சீலை
இரண்டாவது டிஸ்க் யோசனைக்கு என் ஓட்டு. கோடிக்காகச் செலவழிப்பதைவிட அந்தக் கல்யாண வீடியோவின் இன்னொரு காப்பிக்குச் செலவழிப்பது மேல்.

டாட் ஃபைல் என்பது எம்பெக்1 வீடியோதான், மேலே ஒரு உறை போட்டிருக்கும். 352க்கு 288 புள்ளி, 55 இன்ச்சில் பார்க்கும்போது மங்கலாகத்தான் தெரியும், எந்தப் பெட்டி வாங்கினாலும் அதற்கு மருந்தில்லை. விண்டோஸ் கம்ப்யூட்டரில் காப்பி எடுங்கள். லினக்ஸில் சாதாரணமாகக் காப்பி செய்தால் பிழை என்று நின்றுவிடும், விசிடிஎக்ஸ்ரிப் என்ற கருவி வேண்டும். கோடி அடம்பிடித்தால் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவியில் கோடெக்கை மாற்றாமல் காப்பி முறையில் எம்பிஜி ஆக்கிக்கொள்ளுங்கள், ஒரு நிமிட வேலை. தட்டில் கீறல் இருந்து நடுவில் நின்றால் வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். பழைய டிரைவ்கள் சில நேரம் புதியவை கைவிட்டதைப் படித்துவிடுகின்றன.

சப்டைட்டிலை நோட்பேடில் திறந்து, அங்கே தமிழ் சரியாகத் தெரிந்தால் யுடிஎஃப் 8 என்று சேமியுங்கள், கேள்விக்குறி போகும். கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். நோட்டோ சான்ஸ் தமிழை எடுத்து, கோடியின் மீடியா ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸில் போட்டு, சப்டைட்டில் அமைப்பில் அதையே தேர்ந்தெடுங்கள்.

ஃபைல் பெயரில் படத்தோடு வருடத்தையும் அடைப்புக்குறிக்குள் போட்டு வையுங்கள். பில்லா என்று மட்டும் போட்டால் 1980-ஆ, 2007-ஆ என்று கோடிக்கு எப்படித் தெரியும்? தவறான போஸ்டரை மாட்டிவிட்டு நிற்கும்.

ஈரோட்டான்
சரிங்க அண்ணா. சனிக்கிழமை கடைக்குப் போறேன், பென்டிரைவோட. அந்த டாஸ்க் மேனேஜர் படத்தை எடுத்து இங்கேயே போடறேன்.

ஆல்ட்டேப்
போடும்போது பெட்டிக்குப் பின்பக்க ஃபோட்டோவும் போடுங்க ப்ரோ. டைனில சிலதுல ரெண்டாவது டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு வெறும் மூடிதான் இருக்கும், உள்ள கார்டு இருக்காது.